ராப் எனக்கு வேகமான பேச்சாகவே கேட்கிறது. புதிய சுயாதீன ஹிப்-ஹாப், ஆர்கெஸ்ட்ரா பாப் ஆல்பங்களை எப்படி ரசிப்பது? (புதுச்சேரி)
முதலில் சொற்களை விட்டுவிட்டு டிரம்ஸைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு நான்கு தட்டுகள். இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் என்ற, ‘டப்’ என்று கூர்மையாக ஒலிக்கும் டிரம் விழும். அதற்குக் கைதட்டிப் பழகினால், பாடுபவர் எங்கே முந்துகிறார், எங்கே வேண்டுமென்றே பிந்துகிறார் என்பது புலப்படும். ராப்பின் உயிரே அந்த விளையாட்டில்தான் இருக்கிறது. அடுத்து எதுகையும் இயைபும். நம் செய்யுளில் ஊறிய காதுக்கு இவை புதியவை அல்ல. ராப்பர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019-இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ ஆல்பத்தை, அடியின் முடிவில் மட்டுமன்றி நடுவிலும் ஒலிகள் எப்படிப் பொருந்துகின்றன என்று கவனித்துக் கேளுங்கள்.

வயலின் போன்ற பல கருவிகள் குழுவாகச் சேர்ந்து ஒலிக்கும் ஆர்கெஸ்ட்ரா பாப்பில் குரலை விட்டுவிட்டு, வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த ஒலி தரும் செல்லோவை மட்டும் பின்தொடருங்கள். பாட்டின் மனநிலை மாறுவது பல நேரம் அங்கேதான் முதலில் தெரியும்.

இரண்டும் கைகோக்கும் இடம், லண்டன் ராப்பர் லிட்டில் சிம்ஸின் 2021 ஆல்பம். அது 2022-இல் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசை வென்றது. முதல் பாடலிலேயே அணிவகுப்பு முரசும் ஊதுகருவிகளும் சூழ, அவர் குரல் பதறாமல் நிற்கிறது. அற்புதம்!

நேரடியாகக் கேட்க நம் ஊரில் வழி உண்டு: பிரான்சில் 1982-இல் தொடங்கிய இசைத் திருவிழா, ஜூன் 21-ஐ ஒட்டி இங்கும் நடக்கிறது. இலவசம்தான், அவசியம் போங்கள்.