அடுத்த வருடம் இந்த ரேஸ் நடக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. நான்கு வருடங்களாக கோ-கார்ட் ஓட்டுகிறான், சில கோப்பைகளும் வாங்கியிருக்கிறான். இந்த வருடம் இந்திய ஃபார்முலா 4 தொடரில் இறக்கிவிடலாம் என்கிறார் அவனுடைய பயிற்சியாளர். திருப்பூரில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். முழு சீசனுக்கும் பணம் புரட்டுவதென்றால் ஒரு இடத்தை விற்க வேண்டி வரும். ஆனால் ரேஸ் அட்டவணை அடிக்கடி மாறுகிறது, அடுத்த வருடம் தொடரே இருக்குமோ என்னவோ என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். துணிந்து இறங்கலாமா?

பதில்: இடத்தை விற்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல அப்பாக்கள் கடிதத்தின் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படிப்பதில்லை. ஆனால் ‘இடத்தை விற்காதே’ என்பதும் ‘பையனை ஓட்ட விடாதே’ என்பதும் ஒன்றல்ல.

‘அடுத்த வருடம் இருக்குமா’ என்ற கேள்விக்கு உத்தரவாதமாக யாராலும் பதில் சொல்ல முடியாது. நம் பக்கத்தில் ஜூனியர் ஃபார்முலா தொடர் (ஃபார்முலா 1-க்குக் கீழே இளம் ஓட்டுநர்கள் ஓட்டிப் பழகும் தொடர்) எதுவும் ஒரே பெயரில் ரொம்ப காலம் நிலைத்ததில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். கோவை நரேன் கார்த்திகேயன் 1993-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி ஓட்டித்தான் ஆரம்பித்தார். 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன், 2005-ல் ஃபார்முலா 1. சென்னை கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதி, ஃபார்முலா ஆசியா என்று அதே படிகளில் ஏறி 2010-ல் ஃபார்முலா 1 போனார். அந்த இரண்டு படிகளுமே இன்று இல்லை. பிறகு வந்த ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியத் தொடர் 2011-ல் ஜேகே ரேசிங் ஆசியா சீரிஸ் என்று பெயர் மாறியது, 2012-க்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. எம்ஆர்எஃப் சேலஞ்ச் தொடரில் மிக் ஷூமாக்கர் ஓட்டினார். 2018-19 சீசனில் பிரிட்டனின் ஜேமி சாட்விக் பட்டம் வாங்கினார். அந்தத் தொடரும் போய்விட்டது.

சாட்விக்கின் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். அடுத்து அவர் பெண்களுக்கான டபிள்யூ சீரிஸில் 2019, 2021, 2022 என்று மூன்று முறை பட்டம் வென்றார். 2022-ல் பணமில்லாமல் கடைசி ரேஸ்களையே ரத்து செய்தார்கள். அடுத்த வருடம் கம்பெனியே திவால் நடவடிக்கைக்குப் போனது. அவரோ அமெரிக்கா போய் இண்டி நெக்ஸ்ட் தொடரில் ஓட்டி, 2024-ல் அங்கேயும் ஒரு ரேஸ் ஜெயித்தார். அவர் பட்டம் வாங்கிய இந்த இரண்டு தொடர்களும் இன்று இல்லை. அங்கே கற்ற ஓட்டம் மட்டும் அவரிடமே இருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியதும் அதைத்தான்.

இந்தத் தொடர்கள் ஏன் இப்படிப் பொசுக்கென்று நிற்கின்றன? டிக்கெட் வருமானம் கிடையாது, டிவி வருமானமும் பெயருக்குத்தான். ஓட்டுநரின் அப்பா கட்டும் பணம், ஒரு டயர் கம்பெனி அல்லது புரமோட்டரின் (தொடரை நடத்துபவரின்) பொறுமை, சில சமயம் அரசாங்கத்தின் ஆதரவு, இந்த மூன்று கால்களில்தான் நிற்கின்றன. ஒன்று ஒடிந்தால் போதும். ஜெர்மனியில் ஏடிஏசி என்ற பெரிய வாகனச் சங்கம் நடத்திய ஃபார்முலா 4, லாண்டோ நோரிஸ், மிக் ஷூமாக்கர் எல்லாம் ஓட்டிய தொடர். வருடா வருடம் கார்கள் குறைந்துகொண்டே வந்து 2022-க்குப் பிறகு கடையைக் கட்டிவிட்டார்கள். கார் தயாரிப்புக்கே பெயர் போன நாட்டில் இந்த நிலை.

நம் இந்திய ஃபார்முலா 4 தொடர் 2023-ல்தான் முதல் சீசனை ஓட்டியது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் அங்கீகாரம் பெற்றது, கார் பிரான்ஸின் மைகேல் நிறுவனத்துடையது. முதல் இரண்டு சாம்பியன்களும் வெளிநாட்டுப் பையன்கள்: ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர், தென்னாப்பிரிக்காவின் அகில் அலிபாய். இதில் சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. உங்கள் மகன் யாரோடு மோதிக் கற்றுக்கொள்கிறான் என்பதுதான் முக்கியம்.

இந்தத் தொடரில் அட்டவணையை ஆட்டி வைப்பது பெரும்பாலும் தெரு ரேஸ்தான். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. சாலையில் இரவு ரேஸ் என்று 2023 டிசம்பருக்கு எல்லாம் தயாராக இருந்தது. மிக்ஜாம் புயல் வந்து அடித்துக்கொண்டு போனது. நடுவில் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் நடந்தது. அப்போதும் முதல் நாள் மழையால் எஃப்ஐஏ சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகி, எல்லோரும் காத்துக்கிடந்தார்கள். ஹைதராபாத்தில் 2023-ல் நடந்த ஃபார்முலா ஈ என்ற மின்சாரக் கார் தெரு ரேஸ், ஆட்சி மாறிய கையோடு 2024-ல் ரத்தானது. கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா 1 ரேஸே 2011 முதல் 2013 வரை மூன்று முறைதான் வந்தது. அதனால் அட்டவணையில் தெரு ரேஸ் எதையும் பார்த்தால் அதைப் பென்சிலில் எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை, கோவைக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையம் என்ற இரண்டு பெயர்கள் மட்டும் பேனாவில். அவை கிளப்பும் தனியாரும் வைத்திருக்கும் நிரந்தர ரேஸ் தளங்கள். புரமோட்டர் மாறினாலும் தார் அங்கேயே கிடக்கும்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. ‘எஃப்4-ல் ஓட்டினால் சூப்பர் லைசென்ஸ் (ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான உரிமம்) புள்ளி கிடைக்கும்’ என்று உங்களிடமும் நிச்சயம் சொல்லியிருப்பார்கள். உண்மைதான்: சாம்பியனுக்கு 12, இரண்டாமவருக்கு 10, மூன்றாமவருக்கு 7. ஃபார்முலா 1 போக மூன்று சீசன்களில் 40 வேண்டும். ஆனால் அந்த லைசென்ஸ் பொதுவாக 18 வயதில்தான் கிடைக்கும், அதற்கு முந்தைய மூன்று சீசன்களைத்தான் எண்ணுவார்கள். 15 வயதுப் பையன் இன்று வாங்கும் புள்ளி, அவன் 18-ஐத் தாண்டிக் கொஞ்சம் தாமதமாக விண்ணப்பித்தாலே காலாவதி ஆகியிருக்கலாம். கார்கள் குறைவாக ஓடும் தொடரில் புள்ளியையும் குறைத்துவிடுவார்கள் என்பது வேறு. ஆகவே புள்ளிக்காகப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் ‘எல்ஜிபி ஃபார்முலா 4’ என்று ஒன்று பல வருடங்களாக ஓடுகிறது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு, இது வேறு. எல்ஜிபி காருக்கு இரும்புக் குழாய்ச் சட்டம், மாருதி எஞ்சின். தேசிய சாம்பியன்ஷிப்பின் ஒரு பிரிவு. எஃப்ஐஏ எஃப்4 காருக்கு கார்பன் ஃபைபர் உடம்பு, டர்போ எஞ்சின், முன்னும் பின்னும் விங். செலவிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பயிற்சியாளர் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். (கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும்.)

சரி, என்ன செய்யலாம்? நானாக இருந்தால் முதல் வருடம் பையனை எல்ஜிபி எஃப்4-ல் ஓட்ட விடுவேன். கார்ட்டிலிருந்து வருபவனுக்கு கியர், சஸ்பென்ஷன், எடை முன்னும் பின்னும் சாய்வது எல்லாமே புதிது. அதை விலை குறைந்த காரில் கற்பது நல்லது. செட்டிப்பாளையம் உங்களுக்குப் பக்கமும்கூட. அந்த வருடத்திலேயே எஃப்ஐஏ எஃப்4 காரில் இரண்டு நாள் டெஸ்ட் மட்டும் வாங்குங்கள். வேகமான ஒருவனுடைய டேட்டாவுக்கும் (காரில் பதிவாகும் வேகம், பிரேக் கணக்கு) இவனுடைய டேட்டாவுக்கும் எங்கே இடைவெளி என்று பாருங்கள். பிரேக்கில் இழக்கிறான் என்றால் ஓட ஓடச் சரியாகும். அதிவேக வளைவுகளில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறான் என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். அப்புறம், 15 வயது என்றால் பத்தாம் வகுப்போ? 2024-ல் தொடர் ஆகஸ்டில்தான் தொடங்கியது. அரையாண்டுத் தேர்வையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சண்டை வரும்.

எஃப்4-ல் இறங்கும் வருடம் வந்தால், முழு சீசன் பணத்தையும் ஒரே செக்கில் கொடுக்காதீர்கள். ‘முழுசாகக் கட்டினால் தள்ளுபடி’ என்பார்கள். அந்தத் தள்ளுபடி வேண்டாம். பல வருடங்களுக்கு முன் நான் மெக்கானிக்காக ஒரு பையனோடு போன ஒரு தொடர் (பெயர் வேண்டாம்) மூன்றாவது சுற்றோடு (சுற்று என்பது ஒரு வார இறுதி ரேஸ்) நின்றது. நான்காவது சுற்றுக்கு ரயிலில் டிக்கெட் போட்டிருந்தோம். புதன்கிழமை இரவு ஒரு மெசேஜ் வந்தது, அவ்வளவுதான். அவன் அப்பா முழுப் பணமும் கட்டியிருந்தார். மீதி இரண்டு சுற்றின் பணம் ‘அடுத்த சீசனில் கழித்துக்கொள்ளலாம்’ என்றார்கள். அடுத்த சீசன் வரவேயில்லை.

அதனால் சுற்றுக்குச் சுற்று கட்டுவதாக எழுதி வாங்குங்கள். ஒரு சுற்று ரத்தானால் பணம் எத்தனை நாளில் திரும்பும், வேறு தளத்துக்கு மாற்றினால் என்ன கணக்கு, தொடரே நின்றால் என்ன ஆகும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இருந்தால் போதாது. டேமேஜ் டெபாசிட்டைத் தனியாகப் பேசுங்கள். முன் விங்கும் சஸ்பென்ஷன் கையும் எப்படியும் உடையும். ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியல் கேளுங்கள். பயிற்சி ஓட்டத்தில் இன்னொருவன் வந்து இடித்தால் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், நூல் வாங்கும்போது கூச்சப்படுகிறீர்களா? எவ்வளவு நேரம் ஓட்டக் கிடைக்கும், டேட்டாவை வீட்டுக்குக் கொடுப்பார்களா என்பதும் எழுத்தில் வேண்டும். தொடர் நாளைக்கே நின்றாலும் அந்த டேட்டாவையும் வீடியோவையும் வைத்துத்தான் அடுத்த டீமிடம் போய் நிற்க முடியும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை. ரேஸ் நடக்கும் ஒரு சனிக்கிழமை, பையனைக் கூட்டிக்கொண்டு போகாமல், தனியாகத் தளத்துக்குப் போங்கள். பாடக்கில் (டீம்கள் காரை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) நின்று ஸ்டார்ட் லைனில் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணுங்கள். போன வருடம் ஓட்டிய பையன்களின் அப்பாக்கள் இரண்டு பேர் அங்கே கண்டிப்பாக இருப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து, ரத்தான சுற்றின் பணம் திரும்பி வந்ததா என்று மட்டும் கேளுங்கள்.