கையடக்க பிளேயரில் படம் திக்காமல் ஓட: கேள்வி பதில்

தாட்டோன் (பர்மா) வாசகர்: அண்ணே, கம்ப்யூட்டரில் ஜோராக ஓடும் எம்பி4 படம் பழைய ஐபாட் கிளாசிக்கில் ஏறவே மாட்டேன் என்கிறது. எம்பி4 எல்லாம் ஒன்றுதானே?

எம்பி4 வெறும் டப்பாதான் தம்பி, உள்ளே இருக்கும் சரக்கைப் பாருங்கள். அந்த ஐபாடின் சிப், எச்.264 (படத்தைச் சுருக்கும் முறை) படத்தை 640×480 அளவு, நொடிக்கு 30 ஃபிரேம், பேஸ்லைன் புரொஃபைல் (அந்த முறையின் எளிய வகை) வரைக்கும்தான் தாங்கும். இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஹை புரொஃபைல். அதில் வரும் பி-ஃபிரேம், கபாக் என்ற கூடுதல் சுருக்க உத்திகள் பேஸ்லைனில் கிடையாது.

படத்தை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எச்.264, பேஸ்லைன், லெவல் 3.0, சராசரி பிட்ரேட் (நொடிக்குச் செலவாகும் தகவல், கிலோபிட்டில்) 1200, இரண்டு பாஸ் (படத்தை இருமுறை அலசுவது) என்று வையுங்கள். ஒலிக்கு ஏஏசி என்ற சுருக்க முறை, ஸ்டீரியோ, பிட்ரேட் 128. அகலத்திரைப் படத்துக்கு (அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு) 640×272 சரியாக வரும், இரண்டும் 16ஆல் வகுபடும் எண்கள். இரண்டரை மணி நேரப் படம் சுமார் 1.5 ஜிபி ஆகும்.

மோல்மீன் வாசகர்: அதையெல்லாம் செய்தேன் ஐயா. பேசும் காட்சி நன்றாக ஓடுகிறது, சண்டை வந்தால் திக்குகிறது.

1200 என்பது சராசரிதானே! ஆள் அசையாத காட்சியில் மிச்சம் பிடித்ததை எல்லாம் சண்டைக் காட்சியில் கொட்டும். அங்கே 3000, 4000 என்று ஏறும். பிளேயரின் சின்ன பஃபர் (தகவலைத் தற்காலிகமாகத் தேக்கும் இடம்) அதில் மூச்சுத் திணறும். ஹேண்ட்பிரேக்கின் கூடுதல் விருப்பங்கள் பெட்டியில் விபிவி மேக்ஸ்ரேட் (பிட்ரேட்டின் உச்சம்) 1500, விபிவி பஃப்சைஸ் (பஃபரின் அளவு) 2000 என்று உச்சவரம்பு போடுங்கள். மாற்றிய ஃபைலையே திரும்ப மாற்றாதீர்கள், மூலத்திலிருந்தே செய்யுங்கள்.

பெகு வாசகி: அம்மாவுக்காக வீட்டில் உள்ள விசிடிகளை ஏற்ற வேண்டும். சில மட்டும் வெட்டி வெட்டி ஓடுகின்றன.

அக்கா, வட்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பழைய பர்மா டிவி என்டிஎஸ்சி என்ற ஒளிபரப்பு முறையில் இருந்தது. அந்த வகை விசிடி 352×240, நொடிக்கு 29.97 ஃபிரேம். தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்தது பெரும்பாலும் பால் (PAL) என்ற இன்னொரு முறை: 352×288, 25 ஃபிரேம். எல்லாவற்றையும் ஒரே முறையில் 29.97 ஆக்கினால், பால் வட்டில் நொடிக்கு ஐந்து ஃபிரேம் இரட்டிப்பாகும். கேமரா நகரும்போது தெரியும் வெட்டு அதுதான். ஃபிரேம் வேகத்தை ‘மூலத்தில் உள்ளபடி’ என்று விடுங்கள்.

வட்டில் எம்பெகாவி (MPEGAV) ஃபோல்டருக்குள் இருக்கும் டேட் (.DAT) ஃபைல்தான் படம். அதை முதலில் கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். விசிடியில் படத் தகவலுக்குக் கூடுதல் பிழைதிருத்தப் பகுதி இல்லாததால் சின்னக் கீறலும் கட்டமாகத் தெரியும், அந்த இடத்திலிருந்து ஒலியும் விலகலாம். மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைத்து மறுபடி எடுத்துப் பாருங்கள். அளவு 320×240, பிட்ரேட் 500 போதும். 640க்குப் பெரிதாக்கினால் இடம்தான் போகும், தெளிவு வராது.

யாங்கோன் வாசகர்: படத்தை மாற்றும்போது பாதியில் கரண்ட் போனது. 900 எம்பி ஃபைல் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை.

எம்பி4இன் அட்டவணையை ஹேண்ட்பிரேக் கடைசியில்தான் எழுதும். அது இல்லாமல் உள்ளே எது எங்கே என்று பிளேயருக்குத் தெரியாது. அழித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். இனி பேட்டரி நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பிலோ யூபிஎஸ் போட்டோ ஓட விடுங்கள்.

யாங்கோன் வாசகி: பிள்ளைகளுக்காகப் பர்மிய சப்டைட்டில் சேர்த்தால் எழுத்து சிதறுகிறது. தமிழ் சப்டைட்டிலோ கட்டம் கட்டமாக வருகிறது.

இரண்டும் வேறு வேறு நோய். பழைய பர்மிய எஸ்ஆர்டி (சப்டைட்டில் ஃபைல்) ஸாஜி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் இருக்கும். பர்மா யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டுக்கு மாறியது 2019 அக்டோபரில்தான். இரண்டும் ஒரே குறியெண்களை வேறு எழுத்துகளுக்கு வைத்திருப்பதால் குழம்பும். முதலில் யூனிகோடாக மாற்றி, யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் வடிவம்) என்று சேமியுங்கள். தமிழ் கட்டமாக வருவது பிளேயரில் எழுத்துரு இல்லாததால். ஹேண்ட்பிரேக்கின் சப்டைட்டில் பக்கத்தில் ‘பர்ன் இன்’ போட்டுப் படத்திலேயே பதித்துவிட்டால் இரண்டு மொழியும் நிற்கும், பிறகு நீக்க முடியாது. 320 அகலத் திரைக்கு எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள்.

பெகு வாசகர்: மெமரி கார்டு போடும் பிளேயர். கார்டில் 6 ஜிபி காலி, 5 ஜிபி படம் ஏறவில்லை.

ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த கார்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. 5 ஜிபி என்றால் நீங்கள் இன்னும் மாற்றவே இல்லை என்று அர்த்தம்!

தாட்டோன் வாசகி: போனில் எடுத்த தீமிதி வீடியோ, போகப் போக மேளம் முந்துகிறது.

போன்கள் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே எடுக்கும். சின்ன பிளேயர் அதைச் சீராக நினைத்து ஓட்டும். ஹேண்ட்பிரேக்கில் 30, ‘நிலையான வேகம்’ என்று குறித்து மாற்றுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்தபின் ஏற்றுங்கள், விலகல் அங்கேதான் தெரியும்.