ராத்திரி பதினொரு மணி கோலும் வராத தூக்கமும்

கேள்வி: மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன், வயது 52. மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். ராத்திரி பதினொரு மணிக்குத்தான் அவளுக்கு நேரம், இமோவில் முகம் பார்த்துப் பேசுவோம். பிறகு எனக்குத் தூக்கம் வருவதில்லை, இரண்டு மணி வரை போனில் வீடியோ பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கழுத்தும் வலது பெருவிரலும் வலிக்கின்றன. மகன் வாங்கித் தந்த மெஷினில் பிரஷர் ஒரு நாள் 150, ஒரு நாள் 130. வீட்டில் ஆளுக்கொரு போன், யாரும் யாரோடும் பேசுவதில்லை. நானும் போனை விட்டுவிடவா? பக்கத்து லயத்து அக்கா தன் தூக்க மாத்திரையைத் தருகிறேன் என்கிறார், போடலாமா?

பதில்: போனை விட வேண்டாம் அம்மா. வெளிநாடு போன பிள்ளையின் குரலைக் கேசட்டில் பதிந்து அனுப்பி, அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது அவள் மெலிந்திருக்கிறாளா, அழுதிருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்துவிடும், அதை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது கோல் முடிந்த பிறகு வரும் அந்த இரண்டு மூன்று மணி நேரம். அவள் முகம் மறைந்ததும் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும், அதை அமர்த்தத்தான் வீடியோ பார்க்கிறீர்கள், ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் வெளிச்சம் இருந்தால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் சுரப்பது தள்ளிப்போகும். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதிய, போக வேண்டிய உடம்புக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும், நீங்கள் அதில் பாதிதான் தூங்குகிறீர்கள்.

குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் மலையிலிருந்து இறங்கும் மாலை ஐந்து மணி அங்கே பகல் இரண்டரை, அந்த வீட்டில் சாப்பாடு முடிந்து கால் மணி நேரம் கிடைக்குமா என்று மகளிடம் கேளுங்கள். முடியாது என்றால் சரி, பதினொரு மணிக்கே பேசுங்கள், ஆனால் பேசி முடித்ததும் போனைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜுக்குப் போட்டுவிடுங்கள். மழைக்குச் சிக்னல் போன இரவுகளில் அவள் எடுப்பாளோ என்று காத்திருக்காதீர்கள். ஒரு வொய்ஸ் மெசேஜ் போடச் சொல்லிவிட்டுப் படுங்கள், காலையில் கேட்கலாம்.

கழுத்து வலிக்குக் காரணம் லேசானது. தலை ஏறக்குறைய ஐந்து கிலோ, குனியக் குனிய அந்தப் பாரம் கழுத்தில் கூடும். போனைச் சுவரோரம் ஒரு டின்னில் சாய்த்து முகத்துக்கு நேராக வைத்துப் பேசுங்கள், கை இரண்டும் சும்மா இருக்கட்டும். பகலெல்லாம் கொழுந்து கிள்ளும் பெருவிரலுக்கு ராத்திரியும் ஸ்கிரீனைத் தள்ளும் வேலை கொடுத்தால் அது எப்போது ஆறும்? பெருவிரலை உள்ளே மடக்கிக் கையைப் பொத்தி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். பெருவிரல் அடியில் சுரீரென்று வலித்தால் அங்கே தசைநாரின் உறை வீங்கியிருக்கலாம், கிளினிக்கில் காட்டுங்கள்.

பிரஷரை ராத்திரி பேசிவிட்டுக் கலங்கின மனதோடு பார்த்தால் கூடத்தான் காட்டும். (மெஷின் வீட்டுக்கு வந்ததிலிருந்து பயமும் கூட வந்துவிட்டது, இதை எத்தனையோ வீட்டில் பார்க்கிறேன்.) காலையில் தேத்தண்ணிக்கு முன், ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து அளந்து, ஒரு கிழமைக்கு எழுதி வையுங்கள். பெரும்பாலும் 135/85ஐத் தாண்டினால் அந்தத் தாளோடு டொக்டரிடம் போங்கள். நெஞ்சு இறுகி வலித்தால் அளந்துகொண்டிருக்க வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

வீட்டில் பேச்சில்லாததற்கு என்னிடம் மருந்தில்லை. சாப்பிடும் நேரத்தில் மட்டும் எல்லாப் போனும் அலுமாரியில் இருக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள், மகன் முனகுவான், முனகட்டும்.

அக்காவின் மாத்திரை வேண்டவே வேண்டாம். அது அவருடைய வயதுக்கும் நோய்க்கும் எழுதியது. அதைப் போட்டு மறுநாள் காலையில் மயக்கத்தோடு சரிவில் இறங்கினால் விழுந்து அடிபடுவீர்கள். சொன்னபடி இருந்து பார்த்தும் மூன்று கிழமையில் தூக்கம் திரும்பாவிட்டால், அல்லது எதிலும் மனம் ஒட்டாமல் அழுகை அழுகையாக வந்தால், நேரே போய் டொக்டரைப் பாருங்கள்.