மூட மறுக்கும் புரோகிராம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று. புரோகிராம் ஜன்னலின்ர மேல் தலைப்பில் 'நொட் ரெஸ்பொண்டிங்' (பதில் இல்லை) என்று வந்தால் புரோகிராம் செத்துப்போச்சு என்று அர்த்தமில்லை. 5 செக்கனுக்கு அது மவுசையும் கீபோர்டையும் கவனிக்காவிட்டால் விண்டோஸ் தானாகவே அப்படி எழுதிப்போடும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். மூட முதல், அது எதற்காகக் காத்திருக்குது என்று பாருங்கோ.

மல்லாவி, ஆசிரியை: அண்ணை, வினாத்தாள் ஒன்றை வேர்டில் அடிச்சு பிரிண்ட் குடுத்தன். அப்படியே வெளிறிப்போய் நிக்குது. மூடவும் முடியேல்லை. கடைசிப் பக்கம் சேவ் பண்ணேல்லை.

பதில்: ரீச்சர், குறுக்குக் குறியைத் திரும்பத் திரும்ப அழுத்தாதேங்கோ. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்த, ஓடுற புரோகிராம்களைக் காட்டுற ராஸ்க் மனேஜர் வரும். வேர்ட் வரியில் சிபியு, டிஸ்க் எண்கள் மாறிக்கொண்டிருந்தால் 5 நிமிசம் விடுங்கோ. இரண்டும் 0 என்றால் ஓல்ட் விசையைப் பிடிச்சுக்கொண்டு டாப் அடியுங்கோ. 'மார்ஜின் தாளுக்கு வெளியே போகுது, தொடரவா?' என்ற பெட்டி பின்னுக்கு ஒளிஞ்சிருக்கலாம். அதுக்குப் பதில் சொல்லும்வரை வேர்ட் அசையாது.

பெட்டி இல்லையென்றால் சந்தேகம் பிரிண்டரில். பக்கத்தை அடுக்க வேர்ட் எப்பவும் டீபோல்ட் பிரிண்டரிடம் (வேறு தெரியாட்டி விண்டோஸ் தானாக எடுக்கிற பிரிண்டரிடம்) அளவு கேட்கும். அந்தப் பிரிண்டர் அலுவலகத்தில் ஓப் பண்ணிக் கிடந்தால் பதில் வராது, வேர்ட் காத்துக்கொண்டே நிக்கும். பிரிண்டரை ஓன் பண்ணுங்கோ, வயரைச் சரியாகச் செருகுங்கோ. கனதரம் அதோடயே விட்டுவிடும்.

அதுக்கும் அசையாட்டி ராஸ்க் மனேஜரில் வேர்டைத் தெரிஞ்சு, வலுக்கட்டாயமாக மூடுற 'எண்ட் ராஸ்க்'கை அழுத்துங்கோ. திரும்பத் திறக்க இடப்பக்கம் மீட்ட கோப்புகள் வரிசையாக நிக்கும். அந்தப் பட்டியலை மூட முதல் வேறு பெயரில் சேவ் பண்ணுங்கோ. வராட்டி பைல், இன்போ, மனேஜ் டொக்கியுமென்ட் வழியாக 'ரிக்கவர் அன்சேவ்ட் டொக்கியுமென்ட்ஸ்' பாருங்கோ. வேர்ட் 10 நிமிசத்துக்கு ஒருக்காத்தான் மீட்புக்கொப்பி எடுக்கும். ஓப்ஷன்ஸ், சேவ் பகுதியில் அதை 2 ஆக்கி விடுங்கோ. டீபோல்ட் பிரிண்டராக, தாளில் அடிக்காமல் கோப்பாக எழுதுற பிடிஎப் பிரிண்டரை வைச்சால் இந்தத் தொல்லை குறையும்.

மாங்குளம்: பிரிண்ட் வரிசையில் ஒரு கோப்பு 'டிலீட்டிங்' என்று நிக்குது, போகுதில்லை.

பதில்: ராஸ்க் மனேஜரில் சேர்விசஸ் பகுதிக்குப் போய், பிரிண்ட் வரிசையை நடத்துற 'ஸ்பூலர்' வரியில் வலது கிளிக், ஸ்டொப். பிறகு சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே கிடக்கிற கோப்புகளை மட்டும் அழியுங்கோ, போல்டரை அழிக்காதேங்கோ. ஸ்பூலரைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ.

முழங்காவில், கமக்காரர் அமைப்புச் செயலாளர்: தம்பி, பசளைக் கணக்கு எக்செல் ஒரு எண் மாத்தினாலே உறைஞ்சுபோகுது.

பதில்: ஐயா, அடியில் சதவீதம் ஏறுதா பாருங்கோ. ஏறினால் அது கணக்குப் போடுது, மூடாதேங்கோ. எஸ்கேப் அழுத்தினால் இடையில் நிக்கும். உங்கட சூத்திரங்கள் முழு நிரலையும் பார்க்கும். ஒரு நிரலில் 10,48,576 வரி இருக்கு. தரவுள்ள 500 வரியை மட்டும் குடுங்கோ.

பூநகரி: போனில் ஒரு அப் மூடுதில்லை.

பதில்: போன் என் துறையில்லை. போன் திருத்துற ஆளிட்டைக் கேளுங்கோ.

விசுவமடு: வேர்ட் மூடுதில்லை. பென் டிரைவில் திறந்தது.

பதில்: முதல் பாதி ரீச்சருக்குச் சொன்னதுதான். பென் டிரைவில் வைச்சே கோப்பைத் திறந்து வேலை செய்யாதேங்கோ. டெஸ்க்டொப்புக்குக் கொப்பி பண்ணி, வேலை முடிய திருப்பிப் போடுங்கோ. டிரைவ் பழுதாகி எழுத முடியாமல் நிண்டால் எண்ட் ராஸ்க்குக்கும் சில நேரம் அடங்காது. அப்படியென்றால் டிரைவைக் கழட்டிப் பாருங்கோ. அதுக்கும் போகாட்டி றீஸ்டார்ட். ஷட் டவுன் போதாது: விண்டோஸ் 8 இலிருந்து 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று உள்நிலையைச் சேமிச்சு வைச்சுத் திரும்ப எடுக்கும், சிக்கலும் கூடவே வரலாம்.

புதுக்குடியிருப்பு, ரைப்செற்றிங் கடை: எண்ட் ராஸ்க்கும் பவர் பட்டனும் ஒண்டுதானே அண்ணை? ரெண்டிலும் சேவ் பண்ணாதது போகும். பட்டனை அழுத்துறது லேசு.

பதில்: ஒண்டில்லை. நெல்லை வைச்சுச் சொல்லுறன். புரோகிராமின்ர கையில் இருக்கிறது ஒரு மூட்டை. விண்டோஸிடம் ஒப்படைச்சு இன்னும் டிஸ்கில் ஏறாதது ஸ்டோர் வாசலில் நிக்கிற மூட்டை. எண்ட் ராஸ்க்கில் கையில் இருந்தது மட்டும் சிந்தும். வாசலில் நிண்டதை விண்டோஸ் உள்ளே ஏத்திப்போடும். பட்டனை அழுத்தினால் வாசலில் நிண்டதும் போகும், மற்றப் புரோகிராம்களின்ர மூட்டையும் போகும்.

ஒட்டுசுட்டான்: விண்டோஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கிற என்டிஎப்எஸ் முறை, மாற்றங்களைக் குறிச்சு வைக்கிற ஜேர்னல் ஒண்டு வைச்சிருக்குதே. கரண்ட் நிண்டாலும் டிஸ்க் பழுதாகாது. நீங்கள் சும்மா பயப்படுத்துறியள்.

பதில்: ஜேர்னல் காப்பது டிஸ்கின்ர அமைப்பை: எந்தக் கோப்பு எங்கே, எவ்வளவு நீளம் என்பதை. கோப்புக்குள் என்ன எழுதியிருக்கு என்பதை அது காப்பதில்லை. அதனால்தான் கரண்ட் நிண்ட பிறகு சில கோப்பு பெயரோடும் அளவோடும் இருக்கும், திறந்தால் உள்ளே வெறுமை. உங்கட டிஸ்க் திறக்கும் என்பது சரி. ரைப்செற்றிங் கடை வாடிக்கையாளரின்ர கல்யாணக் காட் திறக்குமா என்பதுதான் கேள்வி.

வவுனியா, மாணவர்: லினக்ஸில் புரோகிராமை நிப்பாட்டுற கில் கட்டளைக்கு 9 குடுத்தும் ஒரு புரொசஸ் (ஓடுற புரோகிராம்) போகுதில்லை. 9 ஐத் தடுக்க ஏலாது என்றுதானே படிச்சம்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. கில் அனுப்புற சிக்னல் எண்களில் 15 என்பது 'முடிச்சுக்கொண்டு போ' என்ற வேண்டுகோள், புரோகிராம் அதை மறுக்கலாம். 9 ஐ மறுக்க ஏலாது, ஆனால் லினக்ஸின்ர மையமான கேர்னலுக்குள் டிஸ்க் பதிலுக்காக நிக்கிற நேரம் அது வந்து சேராது. புரொசஸ் பட்டியல் காட்டுற பிஎஸ் கட்டளையில் நிலை எழுத்தைப் பாருங்கோ. 'டி' (D) என்றால் டிஸ்கையோ வலையமைப்புப் போல்டரையோ சரிப்படுத்தவேணும். 'இசட்' (Z) என்றால் ஏற்கெனவே செத்தது. தாய் புரொசஸ் கணக்கை எடுக்காமல் விட்டிருக்கு, தாயை நிப்பாட்டுங்கோ. எப்பவும் முதலில் 15, பத்து செக்கன் பொறுத்து 9.

நெடுங்கேணி: வேர்ட் மூடுதில்லை, என்ன செய்ய?

பதில்: மேலே மல்லாவி ரீச்சருக்குச் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கோ. மூண்டாவது தடவை எழுதமாட்டன்.

துணுக்காய், கூட்டுறவுச் சங்கம்: பில் போடுற புரோகிராம் நாள்முடிவுக் கணக்கில் நிக்குது. எண்ட் ராஸ்க் குடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தரவுத்தளம் பாதியில் அறுந்தால் நாளைக்குக் கடை திறக்க ஏலாது. போட்டுத் தந்தவருக்கு இப்பவே போன் எடுங்கோ.

புதுக்குடியிருப்பு, ரைப்செற்றிங் கடை: சரி அண்ணை, அப்ப பட்டனை எப்பதான் அழுத்துறது?

பதில்: கப்ஸ் லொக்கை அழுத்துங்கோ. கீபோர்டில் லைட் மாறினால் விண்டோஸ் உயிரோட இருக்கு, பொறுங்கோ. லைட்டும் மாறேல்லை, மவுசும் நகரேல்லை, கொன்ட்ரோல் ஓல்ட் டிலீட்டுக்கும் ஒண்டுமில்லை, டிஸ்க் லைட்டும் 10 நிமிசமாக அணைஞ்சு கிடக்கு என்றால் மட்டும் பட்டனை அது அணையும்வரை பிடியுங்கோ. ஓன் பண்ணின உடன சி டிரைவில் வலது கிளிக், புரொப்பர்டீஸ், டூல்ஸ், செக். அது முடியும்வரை வேற ஒண்டையும் திறக்காதேங்கோ.