5 வயதுப் பையன் கையை நனைத்துவிட்டு ஓடிவிடுகிறான், சோப்பு போட்டுக் கழுவ வைப்பது எப்படி?

எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். தாராவியில் காலையில் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர், மற்றபடி டிரம்மில் பிடித்து வைத்ததுதான் என்பதால் "தண்ணியைக் கொட்டாதே"ன்னு நானே கத்திக் கத்தி, மகள் விரல் நுனியை மட்டும் நனைத்துவிட்டு வரப் பழகிவிட்டாள். தப்பு என்மேல்தான்.

உண்மையில் தண்ணீர் நிறைய வேண்டாம், தேய்ப்பதுதான் விஷயம். கிருமிகள் கையின் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டியிருக்கும், வெறும் தண்ணீருக்கு அது லேசில் போகாது. சோப்புதான் பெயர்த்தெடுக்கும், அதற்கு 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். ஒரு சொம்பு போதும்: கொஞ்சம் ஊற்றி நனைத்து, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் தேய்த்து, மீதியை ஊற்றிக் கழுவலாம்.

20 வரை எண்ணச் சொன்னால் என் மகள் மும்பை ஃபாஸ்ட் லோக்கல் ரயில் மாதிரி ஓடிவிடுவாள், அதனால் இப்போது சயான், மாட்டுங்கா, தாதர், பரேல் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே தேய்க்க வேண்டும், கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி வந்தால்தான் தண்ணீர். (நடுவில் கரி ரோடு ஸ்டேஷனை விட்டுவிட்டால் முதலிலிருந்து, அவளே போட்ட விதி.)

அப்புறம் நகம். குளித்து முடித்ததும் வெட்டுங்கள், ஊறி மெத்தென்று இருக்கும். சானிடைசர்? மண்ணும் பிசுக்குமான கையில் அது சரியாக வேலை செய்யாது.