உணவுக் கோளாறு உள்ள நோயாளிக்கு நர்சிங் டயக்னோசிஸ் எப்படி எழுதுவது?

'அனோரெக்ஸியா நெர்வோசா' (எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் நோய்) என்று எழுதியதை மேடம் அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது டாக்டர் போடும் டயக்னோசிஸ். அந்த நோயால் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கிறது, அதில் நர்ஸ் செய்யக்கூடியது எது என்பதைத்தான் நாம் எழுத வேண்டும். பிரச்சினை, காரணம், ஆதாரம் என்ற மூன்று பகுதிகள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பாளையங்கோட்டையில் நர்சிங் மாணவிகள் எழுதும் கேர் பிளானை, அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை, திருத்துகிறவள் நான். பெரும்பாலும் சொதப்புவது ஆதாரத்தில்தான். 'சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று ஒரே வரி. அம்மாவைக் கேட்டால், "மூணு இட்லி தின்னாளே சிஸ்டர்" என்பார். தட்டைப் போய்ப் பாருங்கள். இட்லி பொடிப்பொடியாகப் பிய்ந்து சட்னியில் ஊறிக் கிடக்கும், மீதி தலையணைக்கு அடியில் பேப்பரில் மடித்திருக்கும். அதை அப்படியே எழுதுங்கள்: எவ்வளவு உள்ளே போனது, எத்தனை நிமிடம் ஆனது. எடையும் அப்படித்தான். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், வார்டு கவுனில் எடுத்ததை மட்டும் நம்புங்கள். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு மெஷினில் ஏறும் பிள்ளைகள் உண்டு.

விரதத்தையும் கேளுங்கள். திருச்செந்தூர் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பது நம் பக்கம் சாதாரணம், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. விரதம் முடிந்த மறுநாள் என்ன சாப்பிட்டாள் என்பதுதான் கேள்வி.

அப்புறம் வரிசை. உளவியல் வார்டு போஸ்டிங் என்பதாலோ என்னவோ, எல்லோரும் 'உடல் தோற்றம் பற்றிய எண்ணத்தில் குலைவு' என்றே தொடங்குகிறார்கள். நாடித்துடிப்பு 44, எழுந்து நின்றால் தலைசுற்றல், ரத்தத்தில் பொட்டாசியம் 2.8 என்று குறைந்திருந்தால் இதயம்தான் முதலில். தானே விரலை விட்டு வாந்தி எடுக்கிறாளா என்பதற்கு விரல் முட்டியில் தழும்பு, பல் எனாமல், காதுக்குக் கீழே வீக்கம் மூன்றையும் பாருங்கள்.

நாள்கணக்கில் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் பாஸ்பேட் சரியும், உயிருக்கே ஆபத்து. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பாசத்தில் அரைக்கிலோ அல்வாவோடு வருவார்கள், அன்பாகச் சொல்லி வாங்கி வையுங்கள். இதை 'எலக்ட்ரோலைட் சமநிலை குலையும் அபாயம்' என்று எழுதலாம். அபாய டயக்னோசிஸுக்கு ஆதாரப் பகுதி கிடையாது, அபாயக் காரணிகள் போதும். இங்கேதான் மார்க் போகும்.

உடல் தோற்றம் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும். அதற்கு ஆதாரம் அவள் வாய்ச்சொல்தான். "கன்னம் உப்பிப் போச்சு சிஸ்டர்" என்றால் மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுங்கள், திருத்தி எழுத வேண்டாம்.