வெயிலில் குறையும் பால்: கால்நடை கேள்வி – பதில்

கேள்வி: சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் 4 கலப்பினக் கறவை மாடுகளும் சில ஆடுகளும் வளர்க்கிறேன். இந்த வறட்சியில் ஒரு மாட்டின் பால் நாளொன்றுக்கு 10 லிட்டரிலிருந்து 6 லிட்டராகக் குறைந்துவிட்டது. நண்பகலில் முதுகில் தண்ணீர் ஊற்றியும் இளைப்பு நிற்கவில்லை. தீவனத்தைக் கூட்டினால் பால் ஏறுமா? – வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: தீவனத்தைக் கூட்ட வேண்டாம், கொடுக்கும் வேளையை மாற்றுங்கள். மாட்டின் முன்வயிற்றில் புல் நொதிக்கும்போதே வெப்பம் பிறக்கிறது. காலை 8 மணிக்குத் தின்ற நேப்பியர் புல்லின் சூடு நண்பகல் வெயிலோடு சேர்ந்துகொள்வதால்தான், மாடு தானாகவே தீனியைக் குறைத்துக்கொள்கிறது. விடியுமுன் ஒரு பங்கையும், பொழுது சாய்ந்தபின் பெரும்பங்கையும் கொடுங்கள். வெப்பம் தாக்கி ஓரிரு நாள் கழித்தே பால் குறையும் என்பதால், பலர் முந்தாநாள் வெயிலை மறந்து தீவன மூட்டையைக் குறை கூறுகிறார்கள்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை, பகல் வெப்பம் தொடர்ந்து 3 நாள்களுக்கு 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை இருந்தால் முதல் நிலை வெப்ப எச்சரிக்கை விடுக்கிறது. மாடு அதுவரை காத்திருப்பதில்லை. குளிர்நாட்டுக் கறவை இனமான ஃபிரீசியனின் இரத்தம் கலந்த மாட்டுக்கு, நம் நாட்டின் ஈரப்பதத்தில், 25 பாகையைத் தாண்டினாலே சிரமம் தொடங்கிவிடும். திமில் கொண்ட நாட்டு மாடு அதைவிட நன்றாகத் தாங்கும். விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்: 80-ஐத் தாண்டி, வாயில் எச்சில் ஒழுகி, கழுத்தை நீட்டி இளைத்தால் உடனே குளிர்விக்க வேண்டும்.

நீங்கள் தண்ணீர் ஊற்றியது தவறன்று; காற்று இல்லாததே குறை. ஊற்றிய நீர் ஆவியாகும்போதுதான் உடல் சூட்டை எடுத்துச் செல்கிறது. காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகையில் அது ஆவியாகாமல் நின்று, உள்ளே இருக்கும் புழுக்கத்தைத்தான் கூட்டும். முடியின் மேல் மட்டும் படியாமல் தோல்வரை நனையும்படி ஊற்றி, நிறுத்தி, பெரிய மின்விசிறியால் உலரவிட்டு, மீண்டும் நனையுங்கள். கொசுவுக்காக மூட்டம் போடுவது நம் பெரியவர்களின் நல்ல வழக்கம்தான். ஆனால் இளைக்கும் மாட்டின் முகத்துக்கு நேரே புகை போகக்கூடாது.

குடிநீரையும் கவனியுங்கள். கொட்டகை ஒன்றில் நீலப் பீப்பாய் நிறையத் தண்ணீர் இருந்தும் மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கண்டேன். கையை விட்டால் வெந்நீர். பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர்தானே! பீப்பாயை நிழலுக்கு நகர்த்துங்கள். புல் கிடைக்கவில்லை என்று களைக்கொல்லி தெளித்த செம்பனை வரிசைகளில் அறுக்காதீர்கள். பச்சை மரவள்ளி இலையையும் வாடவிடாமல் போடாதீர்கள், அதில் நஞ்சுண்டு.

கேள்வி: மழைக்காலத்தில் கொட்டகைக்குள் வெள்ளம் புகுந்துவிடுகிறது. என்ன முன்னேற்பாடு செய்வது? – அதே வாசகர்

பதில்: பேராக்கில் அக்டோபர், நவம்பரில் மழை வலுக்கும். அதற்கு முன்பே கால்நடை மருத்துவ இலாகாவை அணுகித் மாடுகளைத் தாக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். நீரில் நின்ற பிறகு போடும் ஊசி காலங்கடந்தது. ஆடுகளுக்குப் பரண் போடுங்கள், ஈரத்தில் குளம்பு அழுகும். சேற்று மண்ணில் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமி ஆட்டையும் மனிதரையும் தாக்கும். ஆகவே காலில் புண்ணோடு கொட்டகையைக் கழுவுவதானால் பூட்ஸ் அணிந்துகொள்ளுங்கள், ஆட்டுப்பாலைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள்.